மூன்றாம் ரக வீல்சேர்

எழுந்திருக்கக் கூடாது. மகன் போட்ட சட்டம் அது ஒன்றுதான்.

"என்ன நடந்தாலும் சரிம்மா, வீல்சேரை விட்டு எழுந்திருக்காதீங்க. எழுந்தீங்கன்னா மாட்டினீங்க. நல்லா நடக்கறவங்க பொய் சொல்லி வந்திருக்காங்கன்னு பிடிச்சு வெச்சு, அடுத்த ஃப்ளைட்ல திருப்பி அனுப்பிடுவாங்க."

டீச்சர் எழுந்திருக்கவில்லை. முதல் விமானத்தில் ஏறியபோது இரண்டு ஆட்கள் அவரை அலேக்காகத் தூக்கி, இடைவழிக்கென்றே இருக்கும் ஒடுக்கமான நாற்காலியில் வைத்து, பெல்ட் போட்டுக் கட்டி, ஜன்னலோர இருக்கைவரை உருட்டிக்கொண்டு போனார்கள். அப்போதும் எழுந்திருக்கவில்லை. பயணம் முழுக்கக் கழிவறைக்கும் போகவில்லை. கேட்டிருந்தால் அதே இரண்டு ஆட்களைப் போல யாராவது வந்து தூக்கியிருப்பார்கள். அந்த மானக்கேட்டுக்கு பயந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தார். குடிக்காமல் வந்தும் இப்போது அடிவயிறு கல்லாய்க் கனத்தது.

விமானம் மாற வேண்டிய விமான நிலையம். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பளீரென்று காலை வெயில். கயிறு கட்டித் தடுத்த ஒரு மூலையில், ரிப்பேருக்கு வந்த சைக்கிள்களைப் போல வரிசையாக வீல்சேர்கள். தள்ளிக்கொண்டு வந்த ஒல்லிப் பையன் பிரேக்கை அழுத்திவிட்டு, அவருடைய பாஸ்போர்ட்டையும் போர்டிங் பாஸையும் வாங்கிக்கொண்டு, 'வெயிட்' என்று கையைக் காட்டிவிட்டுப் போனவன்தான். ஆளைக் காணோம். எதிரே தொங்கிய பெரிய திரையில் அவருடைய விமானத்துக்கு நேராகப் பச்சை விளக்கு கண்ணைச் சிமிட்டத் தொடங்கியிருந்தது. ஆட்களை ஏற்றுகிறார்கள்.

இத்தனைக்கும் அவர் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். ஓட்டப் பந்தயம் என்றால் 'வயித்து வலி டீச்சர்' என்று வந்து நிற்கும் பெண்களை முகத்தைப் பார்த்தே 'நடிக்காதடி, ஓடு' என்று விரட்டியவர். அந்தக் கால்கள் இரண்டும் இப்போது மிதிபலகையில் பொம்மைக் கால்களாய்க் கிடந்தன.

"எந்த ரகம்மா நீங்க?"

பக்கத்து வீல்சேரிலிருந்து குரல். தலையில் மங்கி கேப், மடியில் பிஸ்கட் பாக்கெட். தமிழைக் கேட்டதும் டீச்சருக்குப் போன உயிர் திரும்பியது.

"என்ன ரகம்?"

"வீல்சேர்ல மூணு ரகம் இருக்கும்மா. ரொம்ப தூரம் நடக்க முடியாதவங்க முதல் ரகம். படி ஏற முடியாதவங்க ரெண்டாவது. சுத்தமா அசையவே முடியாதவங்க மூணாவது. நான் முதல். பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். வருஷா வருஷம் பொண்ணு வீட்டுக்குப் போயிட்டு வர்றேன். பாஷை தெரியாது, வழி தெரியாது, ஆனா வீல்சேர் போட்டுட்டா ராஜா மாதிரி கொண்டு போய் விட்டுடுவாங்க."

"என்னைத் தூக்கிட்டுல்ல போனாங்க?"

"அய்யய்யோ! மூணாவதா போட்டீங்க?"

"மகன் கம்ப்யூட்டர்ல போட்டான். அவசரத்துல எதை அமுக்கினானோ."

கண்டக்டர் குனிந்து அவர் காலைப் பார்த்தார். "டிக்கெட் எடுக்காதவனை மூஞ்சியைப் பார்த்தே இறக்கி விட்டவன் நான். சொன்னா தப்பா நினைக்காதீங்க. அந்தக் கெண்டைக்காலை முதல்ல மூடுங்க. அசையாத கால் இப்படியா முறுக்கிக்கிட்டு இருக்கும்?"

டீச்சர் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அவசரமா பாத்ரூம் போகணும். அதோ தெரியுது. சட்டுனு போயிட்டு..."

"கெடுத்தீங்க! மேலே கேமரா இருக்கு. மூணாவது ரகம் எந்திரிச்சு நடந்தா அது அதிசயம்மா. கூட்டம் கூடிடும். கம்முனு உட்காருங்க. யாரோ வர்றாங்க. இஸ்திரி போட்ட மாதிரி ஒரு அம்மா."

வந்தவள் பெண் அதிகாரி. சீருடையில் ஒரு சுருக்கம் இல்லை, முகத்திலும் இல்லை. கையில் டீச்சரின் பாஸ்போர்ட். அடுத்த விமானத்தில் ஏறுமுன் பைகளையும் ஆளையும் விசாவையும் இன்னொரு முறை பார்த்துத்தான் விடுவார்கள் என்று மகன் சொல்லியிருந்தான்.

"ஸ்டாண்ட்?" என்றாள் அதிகாரி.

டீச்சருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாதி மைதானத்துக் கட்டளைகள். வாழ்நாளெல்லாம் அந்தச் சொல்லைச் சொல்லி மற்றவர்களை நிற்க வைத்தவர், இன்று இல்லை என்று தலையாட்டினார்.

அதிகாரி உட்கார்ந்த நிலையிலேயே அவரைத் தடவிச் சோதித்தாள். குச்சி நுனியில் ஒரு துணித்துண்டைச் செருகி, உள்ளங்கைகளையும் நாற்காலியின் கைப்பிடிகளையும் துடைத்து, மெஷினுக்குள் நுழைத்தாள். மெஷின் ஒன்றும் சொல்லவில்லை. விசா ஒட்டிய பக்கத்தைப் புரட்டினாள். எதற்காகப் பயணம் என்று கேட்டாள். அது புரிந்தது.

"பிரதர். கிட்னி. ஐ கிவ்" என்றார் டீச்சர், தன் இடுப்பைத் தொட்டுக் காட்டி.

கண்டக்டர் வாயிலிருந்த பிஸ்கட் பாதியில் நின்றது.

அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். வீல்சேரைப் பார்த்தாள். அசையாத கால்களைப் பார்த்தாள். பிறகு பிரேக்கை எடுத்து, நாற்காலியைத் திருப்பித் தள்ள ஆரம்பித்தாள். விமான வாசல்கள் இருந்த பக்கம் அல்ல. எதிர்ப்பக்கம்.

ஜன்னல் இல்லாத சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு தொலைபேசி, சுவரில் விமான நேரங்களைக் காட்டும் ஒரு திரை. கதவு தானாகச் சாத்திக்கொண்டு 'க்ளிக்' என்றது. உள்ளேயிருந்து திறக்கக் கைப்பிடி இல்லை என்பதை டீச்சர் கவனித்தார்.

அதிகாரி ஸ்பீக்கரை அழுத்தி யாரிடமோ பேசினாள். சற்று நேரத்தில் தொலைபேசியிலிருந்து ஒரு பெண்ணின் குரல் தமிழில் வந்தது.

"வணக்கம்மா. நான் மொழிபெயர்ப்பாளர். மேடம் கேக்கறதை உங்களுக்குத் தமிழ்ல சொல்வேன், நீங்க சொல்றதை அவங்களுக்குச் சொல்வேன். உங்க கிட்னியைத் தரவா போறீங்கன்னு கேக்கறாங்க."

"ஆமாம்மா. என் தம்பிக்கு. நாளைக்கு ஆஸ்பத்திரியில சேரணும், மறுநாள் ஆபரேஷன். கொஞ்சம் சீக்கிரம் விடச் சொல்லும்மா, ஃப்ளைட்டுல ஆள் ஏத்தறாங்க."

"நடக்க முடியாதவங்களை எந்த டாக்டர் தானம் பண்ண விடுவார்னு கேக்கறாங்க. உடம்புல என்ன கோளாறு?"

"ஒரு கோளாறும் இல்லை."

"அப்புறம் ஏன் வீல்சேர்?"

"மகன் போட்டான்."

"மகன் கூட வந்திருக்காரா?"

"இல்லை."

"டிக்கெட் யார் எடுத்தது?"

"மகன்தான்."

"போன் வெச்சிருக்கீங்களா?"

"இருக்கு. பில் எகிறிடும், ஆன் பண்ணாதீங்கன்னு சொல்லியிருக்கான்."

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"சாப்பிடல. தண்ணிகூடக் குடிக்கல."

"யாராவது குடிக்கக் கூடாதுன்னு சொன்னாங்களா?"

டீச்சர் சொன்னது அத்தனையும் சத்தியம். ஆனால் வரிசையாகக் கேட்கும்போது அவருக்கே பகீரென்றது. யாரோ ஒரு கும்பல் ஒரு பெண்பிள்ளையை நாற்காலியில் கட்டி, வாயை அடைத்து, பட்டினி போட்டு, உறுப்பை அறுக்க அனுப்பி வைத்த மாதிரி இருந்தது.

அதிகாரி குரலை உயர்த்தாமல் நிதானமாக ஏதோ சொன்னாள். போன் பெண் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள்.

"முன்னாடி ஒரு தடவை உங்களை மாதிரியே ஒரு அம்மா வீல்சேர்ல வந்தாங்களாம். அண்ணனுக்குக் கிட்னி தரப் போறேன்னாங்களாம். மேடம்தான் போகச் சொல்லி விட்டாங்களாம். அப்புறம் பார்த்தா, அது அண்ணனே இல்லையாம்."

"அந்த அம்மா என்ன ஆனாங்க?"

"தெரியலையாம். அதனாலதான் உங்களை விட மாட்டேங்கறாங்க. விசாரிச்சு முடியற வரைக்கும் இங்கேயே இருக்கணுமாம்."

சுவர்த் திரையில் பச்சை விளக்கு மஞ்சளாக மாறியிருந்தது.

இந்த ஆபரேஷனை ஏற்கெனவே ஒரு முறை தள்ளி வைத்தாயிற்று. தம்பிக்கு டயாலிசிஸ் ஊசி குத்தக் கையில் இடமே இல்லை, கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள், அதிலும் சீழ் பிடித்து ஒரு தடவை பிழைத்து வந்தான். இந்த முறை தவறினால் டாக்டர் அடுத்த நாளைக் குறிக்க மாட்டார், உதட்டைத்தான் பிதுக்குவார்.

"தம்பிக்குப் போன் போடச் சொல்லும்மா. நம்பர் எனக்கு மனப்பாடம். அவன் சொல்லட்டும், நான் யாருன்னு."

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. அதிகாரி மறுபடி போட்டாள். இந்த முறை எடுத்தான்.

"ஹலோ?" நோயாளிக் குரல்.

அதிகாரி டீச்சரை நோக்கி விரலை உதட்டில் வைத்தாள். பேசக் கூடாது. அவளே ஆங்கிலத்தில் பேசினாள். டீச்சரின் பெயர், நாற்காலி, நடக்க முடியாது, சாப்பிடவில்லை. சொல்லச் சொல்ல எதிர்முனையில் மூச்சுச் சத்தம் மாறியது. தம்பி படபடவென்று ஏதோ சொன்னான். அதிகாரியின் புருவம் உயர்ந்தது.

"என்னம்மா சொல்றான்?"

"அம்மா... அவங்க என் அக்காதான்னு சொல்றார். ஆனா..."

"ஆனா?"

"திருப்பி அனுப்பிடுங்கன்னு சொல்றார். என் அக்காவுக்குக் கால் போயிடுச்சு, அதை மறைச்சுக்கிட்டு எனக்குக் கிட்னி தர வர்றாங்க, ஏத்தாதீங்க, ஊருக்கே அனுப்பிடுங்கன்னு."

டீச்சருக்கு எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்ததோ.

"டேய் சுண்டு!"

அறை அதிர்ந்தது. மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கும் குரல் அது. மிதிபலகை 'டங்'கென்று மேலே போய் முட்டியது. டீச்சர் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

"யாருக்குடா கால் போச்சு? உனக்கு வாய் போச்சு! ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டியாடா?"

"அக்கா? அக்கா, நீ அங்கேதான் இருக்கியா?"

"பின்னே எங்கே இருப்பேன்? வந்து வகையா மாட்டிக்கிட்டு நிக்கறேன், நீ என்னைத் திருப்பி அனுப்பச் சொல்றே!"

"நிக்கறியா? பொய் சொல்லாதேக்கா. சுத்தமா அசைய முடியலன்னு அந்த அம்மா சொல்றாங்க. தூக்கிக்கிட்டுப் போனாங்களாமே. எப்பலேர்ந்துக்கா இப்படி? ஏன் மறைச்சே? உன் உடம்பைக் கெடுத்துக்கிட்டு எனக்கு ஒண்ணும் தர வேண்டாம். எனக்கு அந்த கிட்னியே வேண்டாம்!"

"உன் மருமகன் கம்ப்யூட்டர்ல தப்பா அமுக்கிட்டான்டா முட்டாள்! வழி தெரியாம முழிப்பேன்னு வீல்சேர் போட்டான். அவ்வளவுதான்!"

"நம்ப மாட்டேன். எனக்காக நீ எந்தப் பொய்யும் சொல்லுவே."

அது உண்மைதான். அவனுக்கு அவரைத் தெரியும். இந்த அறையில் தன்னைப் பார்க்கிறவள் தன் வார்த்தையை நம்பவில்லை. நம்ப வேண்டியவனோ தன்னைப் பார்க்க முடியாத தூரத்தில் இருக்கிறான். டீச்சர் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார்.

"நல்லா காதைத் தீட்டிக் கேளுடா."

காலை அகட்டிக் குதித்து, தலைக்கு மேலே இரண்டு உள்ளங்கையையும் தட்டினார். சேர்த்துக் குதித்துத் தொடையில் தட்டினார். "ஒன்! டூ! த்ரீ! ஃபோர்!" தரை 'தம் தம்' என்றது. மேஜைமேல் பேனா உருண்டது. அதிகாரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். "ஒன்! டூ! மூச்சு வாங்குதா பாரு! த்ரீ! ஃபோர்! நீ பத்து படி ஏறினா வாங்கற மூச்சு எனக்கு வாங்குதான்னு கேளுடா!"

"அக்கா, போதும்."

"ஒன்! டூ!"

"போதும்க்கா! விழுந்து தொலைக்கப் போறே!"

"விழுந்தா உன்னை மாதிரி ஒப்பாரி வெச்சுக்கிட்டு உட்கார மாட்டேன், எழுந்து நிப்பேன். மேடம், நீங்க சொல்லுங்க! டெல் ஹிம்! ஸ்டாண்டிங்! ஜம்பிங்!"

இவள் யார், அவன் யார் என்று விசாரிக்க உட்கார்ந்த அதிகாரி, இப்போது சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று. தொண்டையைச் செருமிக்கொண்டு ஸ்பீக்கர் பக்கம் குனிந்து, மெல்ல நாலு வார்த்தை சொன்னாள். எதிர்முனையில் மூக்கை உறிஞ்சும் ஓசை.

"மேடம்கிட்ட நான் ஒண்ணு சொல்லிடறேன்மா" என்றாள் போன் பெண். அவள் குரலில் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "எத்தனையோ பேருக்கு மொழிபெயர்த்திருக்கேன். வாடகைக்குப் பிடிச்ச அக்கா இப்படித் திட்ட மாட்டான்னு சொல்லப் போறேன்."

சொன்னாள். அதிகாரி சிரிக்கவில்லை. தம்பியின் இணைப்பை மட்டும் துண்டித்தாள். டீச்சரை உட்காரச் சொல்லிக் கை காட்டினாள். வீல்சேரைக் காட்டவில்லை. தன்னுடைய நாற்காலியை எழுந்து கொடுத்தாள். மேஜை விளிம்பில் சாய்ந்துகொண்டு தாழ்ந்த குரலில் பேசினாள்.

"அம்மா, இதை மேடம் சொல்றபடியே சொல்றேன். இப்ப இந்த ரூம்ல உங்க ஆளுங்க யாரும் இல்லை. மகன் இல்லை, தம்பி இல்லை. உங்களுக்குத் தர இஷ்டம் இல்லன்னா இப்பவே ஒரு வார்த்தை சொல்லுங்க. வீல்சேர் விஷயத்துல பொய் சொன்னீங்கன்னு காரணம் காட்டி மேடமே உங்களைத் திருப்பி அனுப்பிடுவாங்க. பழி அவங்க மேலதான் வரும். நீங்க வேண்டாம்னு சொன்னது யாருக்கும் தெரியாது. உங்க வீட்டுக்குக்கூட."

"யாருக்குமே தெரியாதா?"

வாய் தவறி வந்துவிட்டது கேள்வி. கேட்ட பிறகுதான், கேட்க வேண்டும் என்று இருந்ததே அவருக்குத் தெரிந்தது.

"தெரியாதாம்."

டீச்சர் கைகளை மடியில் கோத்துக்கொண்டார். பிரசவத்தைத் தவிர ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்ததில்லை அவர். கத்தி என்றால் பயம். கிட்னி பொருந்தும் என்று தெரிந்த அன்று வீட்டில் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஊருக்கு வந்திருந்த தம்பி பெண்டாட்டி, 'அண்ணிக்கென்ன, எஃகு உடம்பு' என்று சொல்லிவிட்டுக் காபி கொண்டுவரப் போனாள். மகன் அன்றைக்கே டிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிட்டான். 'சரி' என்று தான் எப்போது சொன்னோம்? எத்தனை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. வீட்டு வாசலிலிருந்தே யாரோ தள்ளிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள்.

இப்போது முதன்முதலாக ஒருத்தி கேட்கிறாள். யாரோ ஒருத்தி. திரும்பிப் போகலாம். பள்ளிக்கூடம், மைதானம், விசில். யாரும் குறை சொல்ல முடியாது. 'பாவம், டீச்சர் போகத்தான் கிளம்பினாங்க, பாழாப்போனவங்க விடலை' என்பார்கள்.

திரை சிவப்பானது. கடைசி அழைப்பு.

அதிகாரி திரையைப் பார்த்தாள், அவசரப்படுத்தவில்லை.

வேண்டாம் என்று சொன்னவன் அவன் ஒருவன்தான், என்று டீச்சர் நினைத்தார். கேட்காமலே எடுத்துக்கொள்ள மற்ற எல்லோரும் தயாராக இருந்தார்கள். சாகக் கிடக்கிறவன் மட்டும் திருப்பி அனுப்பு என்று கத்துகிறான்.

"மேடம்கிட்ட சொல்லும்மா" என்று எழுந்தார். "எனக்குப் பயமா இருக்கு. அதையும் சொல்லு, மறைக்க வேண்டாம். ஆனா நான் தரப் போறேன். யாரும் சொல்லி இல்லை. நானாத்தான் சொல்றேன், இப்பத்தான் சொல்றேன்."

போன் பெண் சொல்லி முடிக்கும் வரை அதிகாரி அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாஸ்போர்ட்டையும் போர்டிங் பாஸையும் எடுத்து நீட்டினாள்.

"வீல்சேரை ரத்து பண்ணிட்டாங்களாம். மறுபடி வேணும்னா ஆள் வர நேரமாகும். வாசல் ஒரு கோடியில இருக்கு. நீங்க வர்றதா மேடம் சொல்லி வெக்கறாங்களாம். ஆனா கதவை ரொம்ப நேரம் பிடிச்சு வெக்க முடியாதாம்."

"முதல்ல பாத்ரூம் எங்கேன்னு கேளும்மா. அப்புறம்தான் வாசல், தம்பி எல்லாம்."

அதிகாரி முதல் முறையாகச் சிரித்தாள். கதவைத் திறந்து விரலை நீட்டினாள்.

பாத்ரூம் போய்விட்டு வந்து, கயிறு கட்டிய மூலையைக் கடக்கும்போது கண்டக்டர் கண்ணைப் பிதுக்கினார். "அம்மா! என்ன பண்றீங்க? உட்காருங்க, பாக்கறாங்க!"

"பாக்கட்டும் சார்" என்றார் டீச்சர், நிற்காமலே.

நீண்ட நடைபாதை. ஓடலாம்தான். கூட்டம் இடித்தது, பை தோளில் வழுக்கியது, கால்கள் மரத்துப் போயிருந்தன. வேகமாக நடந்தார். கோடியில், பாதி சாத்திய கதவருகே ஒரு பெண் அவரை நோக்கிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். நடந்துகொண்டே போனை எடுத்து, அணைத்து வைத்ததை உயிர்ப்பித்தார். பில் எகிறினால் எகிறட்டும். உயிர் வந்த மறுகணமே அது அலறியது.

"அக்கா! என்ன ஆச்சு? லைன் கட்டாயிடுச்சு. அனுப்பிட்டாங்களா? எங்கே இருக்கே இப்ப?"

"நடந்து வந்துட்டிருக்கேன்டா" என்றார் டீச்சர்.